ஜார்ஜியாவின் ஹோப், ஸெல் மில்லர் ஸ்காலர்ஷிப்: கொடுப்பதில் தாராளம், கணக்கில் கறார்

அட்லாண்டாவைச் சுற்றி ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் என்று குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதுமே "ஸெல் வந்துட்டா காலேஜ் ஃப்ரீதானே" என்ற பேச்சு தொடங்கிவிடும். நல்ல மதிப்பெண்ணுக்கு ஜார்ஜியா மாநிலம் தரும் ஹோப், அதற்கு மேல்படியான ஸெல் மில்லர் என்ற கல்லூரி உதவித்தொகைகளைப் பற்றிய பேச்சு இது. அதில் பாதி சரி. கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை அமெரிக்க மாநிலங்கள் தரும் தகுதி உதவித்தொகைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. பெற்றோர் வருமானத்தைக் கேட்பதில்லை, கட்டுரை எழுதச் சொல்வதில்லை, நேர்காணல் கிடையாது. ஆனால் இதைப் பெறுவதும் நான்கு வருடம் தக்கவைப்பதும் பள்ளியின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து முடிவாவதில்லை. இவற்றை நடத்தும் மாநில அமைப்பான ஜார்ஜியா ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் கமிஷன் தனக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. சறுக்குபவர்களில் பெரும்பாலோர் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்.

பணம் வருவது மாநில லாட்டரியிலிருந்து. ஆளுநராக இருந்த ஸெல் மில்லர் முன்வைத்த லாட்டரிக்கு 1992-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தர, 1993-இல் ஹோப் தொடங்கியது. ஆரம்பத்தில் குடும்ப வருமானத்துக்கு 66,000 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. அதை உயர்த்தினார்கள், பிறகு எடுத்தே விட்டார்கள். 2011-இல் லாட்டரி வருமானம் செலவுக்கு ஈடுகொடுக்காமல் போனபோது ஹோப்பைக் குறைத்துவிட்டு, மேல்தட்டு மதிப்பெண்ணுக்கு மட்டும் முழுக் கல்விக் கட்டணம் என்று ஸெல் மில்லர் ஸ்காலர்ஷிப்பைத் தனியே பிரித்தார்கள். புத்தகப் பணமும் கட்டாயக் கட்டணங்களுக்கான உதவியும் அன்று போனவைதான். லாட்டரிச் சீட்டு யார் அதிகம் வாங்குகிறார்கள், ஸ்காலர்ஷிப் எந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அதிகம் போகிறது என்ற நியாயமான சண்டை ஜார்ஜியாவில் முப்பது வருடமாக ஓடுகிறது. வசதியான புறநகர்க் குடும்பங்கள் இதை உரிமை போல எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது அந்தச் சண்டையில் பொருள் இருப்பதாகவே படுகிறது.

இன்றைய நிலவரத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2023-24 கல்வியாண்டு முதல் ஹோப்பும் அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுக் கல்விக் கட்டணத்தைத் தருகிறது. ஆகவே யூஜிஏவிலோ (ஜார்ஜியா பல்கலைக்கழகம்) ஜார்ஜியா டெக்கிலோ ஹோப் வைத்திருப்பவருக்கும் ஸெல் வைத்திருப்பவருக்கும் பில்லில் இப்போதைக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியானால் ஸெல்லுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? முழுக் கட்டணம் என்பது ஸெல்லுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. ஹோப்பின் அளவு ஒவ்வொரு வருட பட்ஜெட்டிலும் முடிவாகிறது. லாட்டரி வருமானம் சுருங்கினால் கத்தி முதலில் விழுவது ஹோப் மேல். எமரி, மெர்சர் போன்ற தனியார் கல்லூரிகளில் இரண்டுக்கும் நிர்ணயித்த தொகைதான், அங்கேயும் ஸெல்லுக்குத்தான் கூடுதல். இன்னொரு பயனும் உண்டு: ஸெல்லிலிருந்து சறுக்கினால் கீழே ஹோப் என்ற படி இருக்கிறது. ஹோப்பிலிருந்து சறுக்கினால் நேராகத் தரைதான்.

இனி எதற்கு வராது என்பது. யூஜிஏவில் உள்மாநில மாணவருக்கு வருடக் கல்விக் கட்டணம் ஏறத்தாழ 10,000 டாலர். அது முழுதும் கழிந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே பேருந்து, உடல்நல மையம், தொழில்நுட்பம், விளையாட்டு என்று கட்டாயக் கட்டணங்கள் வருடத்துக்குச் சுமார் 1,400 டாலர் வரும். அது உங்கள் கையிலிருந்து. விடுதியும் சாப்பாடும் 11,000 முதல் 12,000. புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு தனி. யூஜிஏவில் முதல் வருட மாணவர்கள் வளாக விடுதியில் தங்கியாக வேண்டும். பக்கத்து மாவட்டங்களில் பெற்றோருடன் இருப்பவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. ஆக "ஃப்ரீ" என்று சொல்லப்படும் யூஜிஏ வருடத்துக்கு 15,000 டாலருக்குக் குறையாமல் கேட்கும். கென்னசா ஸ்டேட்டில் கல்விக் கட்டணமே 6,000 டாலரைச் சுற்றித்தான், ஸ்காலர்ஷிப்பின் டாலர் மதிப்பு அங்கே சிறியது. ஆனால் வீட்டிலிருந்து போய்வந்தால் மொத்தச் செலவில் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஸ்காலர்ஷிப் தொகையை ஒப்பிடாதீர்கள், அது கழிந்தபின் மிஞ்சும் பில்லை ஒப்பிடுங்கள்.

தகுதிக்கு வருவோம். ஹோப்புக்குப் பள்ளி முடிக்கும்போது 3.0 ஹோப் ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3 என்று போடும் மதிப்பெண் சராசரி). ஸெல்லுக்கு 3.7, அத்துடன் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளில் ஒரே அமர்வில் எழுதிய எஸ்ஏடியில் 1200 அல்லது ஏசிடியில் 25. வேறுவேறு நாட்களில் எழுதிய கணிதத்தையும் ஆங்கிலத்தையும் ஒட்டவைத்துக் காட்டும் சூப்பர்ஸ்கோரைக் கல்லூரிச் சேர்க்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நாள், ஒரு தேர்வு என்ற கணக்கு. பள்ளியில் முதலிடம், இரண்டாமிடம் பெற்று முடிப்பவர்களுக்குத் தனி வழி இருக்கிறது.

ஜிபிஏதான் பெரிய பொறி. கமிஷன் எண்ணுவது ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வெளிநாட்டு மொழி ஆகிய ஐந்து பாடங்களை மட்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் வாங்கிய ஏ, உடற்பயிற்சியில் வாங்கிய ஏ எதுவும் உள்ளே வராது. சற்றே கடினமான ஆனர்ஸ் வகுப்புக்கும் கல்லூரித் தரப் பாடமான ஏபி வகுப்புக்கும் பள்ளி ஏழு மதிப்பெண் கூட்டிப் போடும் மாவட்டங்களில் அந்தக் கூட்டலைக் கமிஷன் முதலில் உரித்துவிடும். ஆனர்ஸ் வேதியியலில் பட்டியலில் 95 என்று தெரிகிறது, உண்மையான மதிப்பெண் 88 என்றால் அது பி, மதிப்பு 3.0, அவ்வளவுதான். அதே 88 ஏபி வேதியியலாக இருந்தால் பி-க்கு அரைப் புள்ளி சேர்த்து 3.5. ஏ-க்கு அரைப் புள்ளி கிடையாது, எந்தப் பாடமும் 4.0-ஐத் தாண்டாது. ஏபி போன்ற ஐபி பாடங்களுக்கும், பள்ளியில் இருக்கும்போதே டூயல் என்ரோல்மென்டில் எடுக்கும் கல்லூரிப் பாடங்களுக்கும் இதே விதி. தோற்றுப்போய்த் திரும்ப எழுதினால் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் சேரும்.

எவ்வளவு சறுக்கலாம் என்று கையால் போட்டுப் பார்ப்பது எளிது. நான்கு வருடத்தில் இந்த ஐந்து பாடங்களிலும் சேர்த்து 24 முழு கிரெடிட் (பொதுவாக ஒரு வருடப் பாடம் ஒரு கிரெடிட்) என்று வையுங்கள். எல்லாம் ஏ என்றால் 96 புள்ளி. 3.7-க்குத் தேவை 88.8. இழக்கக் கூடியது 7.2 புள்ளி. சாதாரண அல்லது ஆனர்ஸ் பி ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைத் தின்னும், ஏபி-யில் வாங்கும் பி அரைப் புள்ளியை. ஏழு ஆனர்ஸ் பி வரை ஸெல் நிற்கும் (3.708), எட்டாவது விழுந்தால் 3.667, போயிற்று. 3.69-ஐ மேலே தூக்கி 3.7 ஆக்கித் தரமாட்டார்கள். பதினோராம் வகுப்பு முடிவில் இந்தக் கணக்கைப் போட்டால் கடைசி வருடத்தில் எதை ஏபி ஆக எடுப்பது, எதை விடுவது என்று தெளிவாகத் தெரியும். ஆனர்ஸில் தடுமாறும் பிள்ளையை அங்கேயே வைத்திருப்பது இந்த ஸ்காலர்ஷிப்பைப் பொறுத்தவரை நஷ்டம்: சுமை உண்டு, அரைப் புள்ளி கிடையாது.

கடினப் பாடங்கள் நான்கு முழு கிரெடிட் வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. மேல்நிலைக் கணிதம், வேதியியல், இயற்பியல், உயர்நிலை வெளிநாட்டு மொழிப் பாடம், ஏபி, ஐபி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஏபி எடுக்கும் பிள்ளைகள் இதில் மாட்டுவது அபூர்வம்.

விண்ணப்பம் கமிஷனின் ஜிஏஃப்யூச்சர்ஸ் தளத்தில். தோற்றம் பழைய காலத்துத் தளம் போலத்தான், ஆனால் ஹோப் ஜிபிஏ பக்கம் உருப்படியானது: எந்தப் பாடம் எண்ணப்பட்டது, எது விடுபட்டது, எதற்கு அரைப் புள்ளி சேர்ந்தது என்று வரிவரியாகக் காட்டும். பள்ளி மதிப்பெண்ணை அனுப்பியதும் ஒவ்வொரு கோடையிலும் அதைத் திறந்து பாருங்கள். ஏபி பாடம் ஒன்று பள்ளியின் தவறான குறியீட்டால் சாதாரணப் பாடமாக ஏறியிருந்தால் அதைத் திருத்த வேண்டியது பள்ளி கவுன்சலர். கமிஷனைக் கூப்பிட்டுப் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் கவுன்சலரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

நம் பெயர்கள் இங்கே தனிச் சிக்கல். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பள்ளியில் அது நடுப்பெயராக ஏறியிருக்கும், எஸ்ஏடி பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும். இந்த மூன்றும் ஒட்டவில்லை என்றால் தேர்வு மதிப்பெண் பிள்ளையின் கணக்கில் வந்து சேராமல் அந்தரத்தில் நிற்கும். 1400 வாங்கியும் தளத்தில் ஸெல் தகுதி காட்டவில்லை என்றால் முதலில் பெயரையும் பிறந்த தேதியையும்தான் சரிபார்க்க வேண்டும். அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பதிவதை ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டால் வேலை மிச்சம்.

விண்ணப்பத்துக்கு இரண்டு வழி. மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவை ஒவ்வொரு வருடமும் நிரப்பலாம். அல்லது ஜிஎஸ்ஃபாப்ஸ் என்ற மாநில விண்ணப்பத்தை ஒருமுறை போடலாம், அது பத்து வருடம் செல்லும். வருமான விவரம் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டாவது போதும். பல்கலைக்கழகத்தின் வேறு உதவிகளுக்கு ஃபாஃப்சா கேட்பார்கள், ஆகவே இரண்டையும் செய்வது நல்லது. பையன்கள் ஜார்ஜியா விதிப்படி செலக்டிவ் சர்வீஸில் (ராணுவ ஆள்சேர்ப்புப் பட்டியல்) பதிந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

விசா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். ஹோப்பும் ஸெல்லும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுதாரர் போன்ற தகுதியுள்ள குடியல்லாதோருக்கும் மட்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளை கிண்டர்கார்டனிலிருந்து ஜார்ஜியாவில் படித்து 4.0 வைத்திருந்தாலும் கிடையாது. ஆனால் அந்தக் குடும்பம் ஜார்ஜியாவில் நிலையாகக் குடியிருப்பதை வரி, வாடகை அல்லது வீட்டுப் பத்திரம், ஓட்டுநர் உரிமம் கொண்டு நிரூபித்து உள்மாநிலக் கட்டணம் கேட்கலாம். ஜார்ஜியா டெக்கில் வெளிமாநிலக் கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால் இந்த மனுவைச் சும்மா விடக்கூடாது. சேர்க்கைக் கடிதத்தில் வெளிமாநிலம் என்று தானாகவே முத்திரை விழுந்திருக்கலாம். கட்டணக் கெடுவுக்கு முன் மனுவைப் போடுங்கள். படிக்கும்போதே கிரீன் கார்டு வந்தால் எந்தப் பருவத்திலிருந்து ஹோப் தொடங்கும் என்பதை ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் சரி. வாட்ஸ்அப் குழுவில் இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பெற்றோர் எச்-1பி, பிள்ளை இங்கே பிறந்தது என்றால் குடியுரிமைச் சிக்கல் இல்லை, குடியிருப்பை மட்டும் காட்டினால் போதும்.

வாங்குவதைவிடத் தக்கவைப்பதில்தான் அடி விழுகிறது. ஸெல்லுக்குக் கல்லூரியில் 3.3, ஹோப்புக்கு 3.0. எடுத்த கிரெடிட் 30, 60, 90-ஐத் தொடும்போதும், ஒவ்வொரு வசந்தப் பருவத்தின் முடிவிலும் சோதனை. ஒருமுறை இழந்தால் அடுத்த 30, 60 அல்லது 90 கட்டத்தில் ஜிபிஏவை மீட்டுத் திரும்பப் பெறலாம். இரண்டு முறை இழந்தால் முடிந்தது.

ஜார்ஜியா டெக்கின் முதல் வருடத்தை எடுத்துக்கொள்வோம். 30 கிரெடிட், எல்லாம் ஏ என்றால் 120 புள்ளி. 3.3-க்கு 99 வேண்டும், இழக்கக் கூடியது 21. மூன்று கிரெடிட் பாடத்தில் பி வாங்கினால் 3 போகும். ஆக அப்படி ஏழு பி வரை தாங்கும். நான்கு கிரெடிட் இன்டெக்ரல் கால்குலஸில் ஒரு சி விழுந்தால் சாதாரணமாக 8 போக வேண்டும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பாடம் என்பதால் கல்லூரியிலும் பி, சி, டி-க்கு அரைப் புள்ளி சேரும்; இழப்பு 6-ஆகக் குறையும். இந்த ஸ்டெம் அரைப் புள்ளி கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் எங்கும் தெரியாது, ஹோப் கணக்கில் மட்டும் இருக்கும். அதனால் பட்டியலில் 3.22 என்று பார்த்து ஸெல் போய்விட்டது என்று அழுவதற்கு முன் ஜிஏஃப்யூச்சர்ஸைத் திறந்து பார்ப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் இதே வித்தியாசம் கடிக்கும். முதல் வருடத்தில் வாங்கிய டி-யையோ எஃப்-ஐயோ திரும்பப் படித்து மாற்றிக்கொள்ள ஜார்ஜியா டெக் அனுமதிக்கும். ஹோப் கணக்கில் பழைய மதிப்பெண் அப்படியே கிடக்கும். கோடையில் வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில் ஒரு பாடம் எடுத்தால் யூஜிஏவின் ஜிபிஏவில் அது சேராது, ஹோப்பில் சேரும். எளிதாக இருக்கும் என்று போய் அங்கே சி வாங்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பள்ளியில் ஏபி தேர்வு எழுதி வாங்கிய கிரெடிட்டுகள் இந்தச் சோதனைகளில் எண்ணப்படுவதில்லை என்பது ஒரு நிம்மதி.

டபிள்யூ (நடுவில் விலகியதற்கான குறி) போட்டு வெளியேறும் பாடத்துக்கு ஜிபிஏவில் பாதிப்பில்லை, ஆனால் எடுத்த கிரெடிட்டாக அது எண்ணப்படும். மொத்த வரம்பு 127 கிரெடிட். பொறியியல் பட்டத்துக்கே அதை ஒட்டித் தேவைப்படும் என்பதால் இரண்டு டபிள்யூவும் ஒரு மேஜர் மாற்றமும் சேர்ந்தால் கடைசிப் பருவம் கைக்காசு. கால வரம்பும் உண்டு: 2019 முதல் பள்ளி முடித்தவர்களுக்குப் பத்து வருடம்.

பருவத்துக்கு அதிகபட்சம் 15 கிரெடிட்டுக்குத்தான் ஹோப் தொகை. அதற்குக் கீழே போனால் தொகையும் கீழே வரும். 12 எடுத்தாலே முழுநேர மாணவர்தானே என்று 12 மட்டும் எடுத்தால், எத்தனை பாடம் எடுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்களில் பில்லில் துண்டு விழும். அந்தத் துண்டு ஸ்காலர்ஷிப் நின்றுவிட்டது என்பதற்கான அறிகுறி என்று நினைத்துப் பதறுபவர்கள் நிறைய. முதல் பருவத்தில் ஹோப் மதிப்பீடாக மட்டும் தெரிந்து, பள்ளியின் இறுதி மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகே உறுதியாவதும் வழக்கம்தான்.

பக்கத்து ஃப்ளோரிடாவின் பிரைட் ஃப்யூச்சர்ஸ் திட்டத்தில் மேல்நிலை விருது கல்விக் கட்டணத்தோடு கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்துத் தருகிறது. அந்த வகையில் அது தாராளம். ஆனால் அங்கே எஸ்ஏடி வரம்பு 1300-ஐத் தாண்டியது, 100 மணிநேர சமூக சேவையோ சம்பள வேலையோ காட்டவும் வேண்டும். 1200 என்பது வடக்கு அட்லாண்டாப் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பிலேயே தொட்டுவிடும் எண்.

கடைசியாக, வரி. கல்விக் கட்டணத்தை ஹோப் கட்டிவிடுவதால் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற வருமான வரிச் சலுகை கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். கல்விக்கான கட்டாயக் கட்டணங்களும் புத்தகமும் அந்த வரிச் சலுகைக்குத் தகுதியானவை. முதல் 2,000 டாலர் செலவுக்கு நூறு சதவீதம் திரும்பும். உடல்நல மையம், பேருந்துக்கான கட்டணங்கள் இதில் சேராது; தகுதியான மற்ற கட்டணங்களும் புத்தகமும் சேர்ந்து 2,000-ஐத் தொட்டாலே 2,000 டாலர் சலுகை. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும் வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் இது குறையத் தொடங்கி 1,80,000-இல் நின்றுவிடும், ஆகவே இருவரும் ஐடியில் இருக்கும் வீடுகளில் பலருக்கு எட்டாது.

529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் ஏற்கெனவே போட்டு வைத்தவர்கள் அதை அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம். பிள்ளை பாதி நேரமாவது படிக்கும் வரை விடுதியும் சாப்பாடும் தகுதியான செலவுதான். வளாகத்துக்கு வெளியே வாடகைக்கு இருந்தாலும், கல்லூரி தங்கும் செலவுக்கு வகுத்திருக்கும் தொகை வரை எடுக்கலாம். அதற்கும் மேல் மிஞ்சினால் ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு 10 சதவீத அபராதம் இல்லாமல் வெளியே எடுக்க முடியும். லாபப் பகுதிக்கு மட்டும் வரி. கணக்கு தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தால் வருட வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தம் 35,000 டாலர் வரை பிள்ளையின் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றலாம், ஆனால் அந்த வருடம் பிள்ளைக்குச் சம்பள வருமானம் இருக்க வேண்டும். கோடை இன்டர்ன்ஷிப் சம்பளமே அதற்குப் போதும்.